நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டால்: காப்பீட்டுக் கேள்விகளும் பதில்களும்

கடை வாசலில், தெரு ஓரத்தில், ஆஸ்பத்திரி எதிரே காரை நிறுத்திவிட்டுப் போகிறோம். திரும்பி வந்தால் பம்பர் தொங்குகிறது, அல்லது கதவு உள்ளே போயிருக்கிறது. இந்த நிலையில் தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. சட்டமும் பாலிசி விதிகளும் இந்தியா முழுவதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காவல் நிலைய, நீதிமன்ற நடைமுறைகளைத் தமிழ்நாட்டை வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

நான் காரில்கூட இல்லை, தப்பு முழுக்க இடித்தவருடையது. அப்படியிருக்க என் பாலிசியை நான் ஏன் தொட வேண்டும்?

கட்டாயம் ஒன்றுமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி உங்கள் நஷ்டத்துக்குப் பொறுப்பு இடித்தவர்தான். அவருக்காகப் பணம் கட்ட வேண்டியது அவருடைய தேர்டு பார்ட்டி காப்பீடு, அதாவது அவரால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான காப்பீடு. ஆனால் அந்தப் பணத்தை அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்து வாங்கிவிட முடியாது. அதற்கென்று இருப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பேசித் தீர்க்க நிறுவனமே முன்வந்தால் ஒழிய, அங்கே மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆக உங்களுக்கு மூன்று வழிகள். இடித்தவரிடமே பேசிப் பணம் வாங்குவது, உங்கள் பாலிசியின் ஓடி (சொந்த சேதம்) பகுதியில் க்ளெய்ம் போடுவது, தீர்ப்பாயத்துக்குப் போவது. தப்பு யாருடையது என்பது ஒரு கேள்வி. எந்த வழியில் போனால் கையை விட்டுப் போகும் காசு குறைவு என்பது இன்னொரு கேள்வி. கோபத்தில் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு தெருவிலேயே முடிவெடுப்பதால்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். ஆதாரத்தை அங்கேயே சேகரியுங்கள், முடிவை வீட்டுக்கு வந்து எடுங்கள்.

இடித்தவர் எதிரிலேயே நிற்கிறார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

வண்டிகளை நகர்த்துவதற்கு முன் போட்டோ. இரண்டு வண்டிகளும் நம்பர் பிளேட்டோடு ஒரே படத்தில் வரும்படி தூரத்திலிருந்து ஒன்று, கடைப் பெயர்ப்பலகையோ தெருப் பலகையோ தெரியும்படி ஒன்று, அடிபட்ட இடத்தைப் பக்கத்தில் போய்ச் சில. அப்படியே ஒரு சுற்று வீடியோவும் எடுத்துவிடுங்கள். கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, சாலையில் எவ்வளவு இடம் இருந்தது என்பது பின்னால் கேள்வியானால் வீடியோதான் பதில் சொல்லும்.

அப்புறம் அவருடைய ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீட்டுச் சான்று மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இல்லை என்றால் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே எந்த நிறுவனத்தின் காப்பீடு, எந்தத் தேதி வரை செல்லும் என்பது வந்துவிடும். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது. அதனால் அவர் பெயரையும் போன் எண்ணையும் நேரில் கேட்டு, அங்கேயே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். வண்டியை ஓட்டி வந்தவரே உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. கால் டாக்சி, தண்ணீர் லாரி, சரக்கு வண்டி என்றால் உரிமையாளர் யார் என்று தனியாகக் கேளுங்கள்.

"ஐயாயிரம் தர்றேன், விட்டுடுங்க" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

சின்னச் சேதத்துக்கு இதுவே நல்ல வழி, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் நின்று தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்றைய பம்பருக்குப் பின்னால் சென்சார், பிராக்கெட், ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் கொக்கி என்று எவ்வளவோ இருக்கிறது. வெளியே ஒரு கீறல், உள்ளே மூன்று உடைசல் என்பது ஒர்க் ஷாப்பில் தினசரி பார்க்கும் விஷயம். "எஸ்டிமேட் வாங்கி அனுப்புகிறேன், அதன்படி கொடுங்கள்" என்று சொல்லி, அதையே வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்புங்கள். பணம் யுபிஐ வழியாக வந்தால் பதிவும் இருக்கும். வேலை முடியும் முன் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். எழுதிவிட்டால் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போனாலும் அந்தத் தாள் குறுக்கே நிற்கும்.

இன்னொன்று. "தப்பு என்னுடையதுதான்" என்று எழுதித் தரச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்பது மோட்டார் பாலிசிகளில் உள்ள நிபந்தனை. அதை மீறினால் அவருடைய நிறுவனம் கைவிரிக்க இடம் கிடைக்கும், கடைசியில் அது உங்களையும் பாதிக்கும். தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண்கள், எந்த வண்டி எந்தப் பக்கத்தில் பட்டது என்று நடந்ததை மட்டும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

தன் காப்பீட்டைத் தொட்டால் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்று அவர் பயந்தால், அந்தப் பயம் தேவையில்லை என்று சொல்லுங்கள். போனஸ் ஓடி க்ளெய்மால்தான் போகும், தேர்டு பார்ட்டி க்ளெய்மால் போகாது.

இடித்தவர் நிற்காமல் போய்விட்டார். வண்டி எண்ணும் தெரியாது.

எதிர்க் கடை, பக்கத்து வீடு, ஏடிஎம், அபார்ட்மென்ட் வாசல் என்று கேமரா இருக்கும் இடங்களை அன்றைக்கே விசாரியுங்கள். சென்னைக் காவல்துறையின் 'மூன்றாவது கண்' திட்டத்துக்குப் பிறகு நகரத்தில் கேமரா இல்லாத தெரு குறைவு. ஆனால் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும், அடுத்த வாரம் போனால் கிடைக்காமல் போகலாம். கடைக்காரர் காட்சியைத் தரத் தயங்கினால், திரையையாவது போனில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள்.

பிறர் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநர், சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. தவறினால் 187-வது பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. எண் கிடைத்துவிட்டால் புகாரில் இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிடுங்கள்.

எண் கிடைக்கவே இல்லை என்றால் ஓடி க்ளெய்ம் அல்லது கைக்காசு, இரண்டே வழி. அடையாளம் தெரியாத வாகனம் மோதினால் அரசு தரும் இழப்பீட்டுத் திட்டம் உயிரிழப்புக்கும் பலத்த காயத்துக்கும் மட்டும்தான், கார் சேதத்துக்கு இல்லை.

போலீஸில் புகார் கொடுத்தே ஆக வேண்டுமா?

கீறல், சின்ன ஒடுக்கு அளவில் ஓடி க்ளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். பெரிய சேதம், இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டது, வேண்டுமென்றே செய்தது என்றால் கேட்பார்கள். தீர்ப்பாயத்துக்குப் போகும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் புகார் அவசியம்.

யாருக்கும் காயமில்லை என்றால் நிலையத்தில் உடனே எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். "பேசி முடிச்சுக்கோங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் பின்னால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. சென்னையில் சாலை விபத்துகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. உங்கள் தெரு எந்தப் புலனாய்வுப் பிரிவின் எல்லைக்குள் வருகிறது என்று அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்வார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

ஓடி க்ளெய்ம் போடுவதா, கைக்காசு போட்டுச் சரி செய்வதா?

இந்தக் கேள்விக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். யார் தப்பு என்பதை நோ க்ளெய்ம் போனஸ் பார்ப்பதில்லை. நிறுத்தியிருந்த காரை வேறொருவர் இடித்தாலும், நீங்கள் ஓடி க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். என் பார்வையில் இது கார்க்காரருக்குச் செய்யப்படும் அநியாயம். ஆனாலும் விதி அதுதான்.

போனஸ் வருடத்துக்கு வருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஓடி பிரீமியத்துக்கு மட்டும் பொருந்தும், தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இல்லை. அடுத்த புதுப்பித்தலில் உங்களுக்கு 50 சதவீதம் வரவேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். க்ளெய்ம் போட்டால் முதல் வருடம் 50 சதவீதம் இழக்கிறீர்கள். இரண்டாம் வருடம் 20 சதவீதம்தான் கிடைக்கும், ஆக இழப்பு 30. அப்புறம் 25, 15, 5. எல்லாம் கூட்டினால் 125 சதவீதம், அதாவது கழிவில்லாத ஓடி பிரீமியத்தில் ஒன்றேகால் வருடத் தொகை. காரின் மதிப்பு வருடா வருடம் குறைவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும்.

கழிவுக்கு முந்தைய ஓடி பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் இழப்பு சுமார் 10,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 11,800.

இப்போது மறுபக்கம். கதவில் பெயின்ட் வேலை மட்டும், பில் 6,000 ரூபாய். பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலையாக எடுத்து அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், அது 750. கட்டாயக் கழிவு, அதாவது க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சின்னக் கார் என்றால் கைக்கு வருவது 4,250. இதற்காக 11,800 ரூபாயை இழப்பதில் அர்த்தமில்லை. டிங்கரிங் கடையில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துக்கொள்வதே மேல்.

அதே காரில் பம்பர் 12,000, பெயின்டிங் 8,000, கூலி 3,000 என்று 23,000 ரூபாய் பில் வந்தால்? பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம், ஆக பம்பரில் 6,000 போகும். பெயின்டிங்கில் 1,000, கட்டாயக் கழிவு 1,000. கிடைப்பது 15,000. போனஸ் இழப்பைக் கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான். 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் ஜீரோ டிப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுத்திருந்தால் 22,000 வரும், அப்போது க்ளெய்ம் போடுவது தெளிவாகவே லாபம். போனஸைக் காக்கும் கூடுதல் கவர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, அது வருடத்துக்கு எத்தனை க்ளெய்ம் வரை செல்லும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலோகப் பாகங்களுக்குத் தேய்மானம் காரின் வயதைப் பொறுத்தது. முதல் 6 மாதம் இல்லை. 3 முதல் 4 வருடக் காருக்கு 25 சதவீதம், 5 வருடம் தாண்டினால் 40, 10 வருடம் தாண்டினால் 50. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது.

"நானே சுவரில் இடித்துக்கொண்டேன்னு எழுதிடுங்க சார், ஈஸியா முடிஞ்சிடும்" என்று ஒர்க் ஷாப்பில் சொல்கிறார்கள்.

எழுதாதீர்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, எஃப்.ஐ.ஆர். கேள்வி வராமல் வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் க்ளெய்ம் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. எதிர் வண்டியின் பெயின்ட் உங்கள் கதவில் ஒட்டியிருப்பது, சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கண்ணுக்குத் தப்பாது. பொய் என்று அவர் எழுதிவிட்டால் நிறுவனம் க்ளெய்மையே மறுக்கலாம். தவிர, நீங்களே இடித்ததாக எழுதிய பிறகு இடித்தவரிடமோ தீர்ப்பாயத்திலோ ஒரு பைசா கேட்க முடியாது. "கார் நிறுத்தப்பட்டிருந்தது, ஓட்டுநர் யாரும் இல்லை, திரும்பி வந்தபோது சேதம் கண்டேன்" என்று உள்ளதை எழுதினாலே க்ளெய்ம் செல்லும்.

க்ளெய்ம் போட முடிவு செய்தாயிற்று. எந்த வரிசையில் போவது?

முதலில் நிறுவனத்துக்குத் தகவல், போனிலோ செயலியிலோ. க்ளெய்ம் எண் வரும். சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்றவோ சரி செய்யவோ வேண்டாம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சின்னத் தொகைக்குப் போட்டோ, வீடியோ மூலமே பார்த்துவிடுகிறார்கள்.

ஊரில் இல்லாததால் தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டது என்றால் அஞ்ச வேண்டாம். நியாயமான காரணம் இருக்கும்போது தாமதத்தை மட்டும் சொல்லி மறுக்கக் கூடாது என்று ஆணையம் 2011-லேயே நிறுவனங்களுக்கு எழுதிவிட்டது. பம்பரைக் கழற்றிய பிறகு உள்ளே புதுச் சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்தி சர்வேயருக்குத் தெரிவித்த பிறகே தொடரச் சொல்லுங்கள். கைக்கு வரும் க்ளெய்ம் தொகை குறைவதற்கு முக்கியக் காரணமே இந்த இடத்தில் காட்டும் அவசரம்தான்.

தீர்ப்பாயத்துக்குப் போவது எப்போது நியாயம்?

உங்களுக்கு ஓடி கவர் இல்லை, சேதம் பெரிது, இடித்தவர் பணம் தர மறுக்கிறார் என்றால். எம்.சி.ஓ.பி. என்று சொல்லப்படும் இந்த மனுவை நீங்கள் வசிக்கும் பகுதியிலோ விபத்து நடந்த பகுதியிலோ உள்ள தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இதை விசாரிக்கிறது. ஓட்டுநர், உரிமையாளர், அவருடைய காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

பிறர் சொத்துச் சேதத்துக்குக் காரின் பாலிசி தரும் வரம்பு 7.5 லட்சம், இரு சக்கர வண்டிக்கு 1 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க இதை 6,000 ரூபாய்க்குச் சுருக்கிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அப்படிச் செய்திருந்தாலும், இடித்த வண்டிக்குக் காப்பீடே இல்லாவிட்டாலும், மீதியை உரிமையாளரிடமிருந்து வாங்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ஆனால் வழக்கு முடியக் காலம் பிடிக்கும், வக்கீல் செலவும் உண்டு. பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

அரசு பஸ் உரசிவிட்டது. அதற்கு எந்த நிறுவனத்தின் காப்பீடு?

தனி நிதி வைத்திருந்தால் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு 146-வது பிரிவு காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதனால் இங்கே கேட்க வேண்டியது கழகத்திடமே. மனுவில் கழகத்தின் நிர்வாக இயக்குநரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது வழக்கம். இழப்பீடு கட்டாததால் அரசு பஸ் ஜப்தி என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அது இத்தகைய தீர்ப்புகளின் தொடர்ச்சிதான். பஸ்ஸின் வண்டி எண், தட எண், பணிமனைப் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பாலிசியில் க்ளெய்ம் வாங்கிவிட்டு, இடித்தவரிடமும் கேட்கலாமா?

ஒரே சேதத்துக்கு இரண்டு முறை பணம் வாங்க முடியாது. உங்கள் நிறுவனம் கொடுக்காமல் விட்ட கட்டாயக் கழிவையும் தேய்மானத்தையும் இடித்தவரிடம் பேசி வாங்கிக்கொள்வதில் தவறில்லை. போனஸ் இழப்பையும் கணக்கோடு காட்டிக் கேளுங்கள். நியாயமாக யோசிப்பவர்கள் தருகிறார்கள்.

நான் நிறுத்தியிருந்தது நோ பார்க்கிங் இடம்.

அதற்கான அபராதம் தனி. ஓடி க்ளெய்மை அதற்காக மறுப்பதில்லை. ஆனால் வளைவிலோ மற்றவர்களுக்கு ஆபத்தான இடத்திலோ நிறுத்தியிருந்தால், தீர்ப்பாயம் உங்கள் பங்குக் கவனக்குறைவாக ஒரு பகுதியைக் குறைக்கலாம்.

ஹோட்டலில் வேலட் பார்க்கிங் ஊழியர் இடித்துவிட்டார். 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்திருக்கிறது.

சீட்டில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு போய்விடாது. 1998-இல் டெல்லி ஹோட்டல் ஒன்றில் வேலட் பார்க்கிங்கில் விட்ட மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சாவியை வாங்கிக்கொண்ட ஹோட்டல் காரைப் பத்திரமாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டது, தன் கவனக்குறைவுக்கு அந்த வாசகத்தைக் கேடயமாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சீட்டைத் தொலைக்காதீர்கள், மேலாளரிடம் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். பணம் தர மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்களே நிறுத்திச் சாவியை வைத்துக்கொண்ட இடத்துக்கு இது அப்படியே பொருந்தாது.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டுக்காரர் இடித்தால்?

முடிந்தவரை பேசித் தீருங்கள். தேர்டு பார்ட்டி பொறுப்பு 'பொது இடம்' என்பதோடு கட்டப்பட்டது. பூட்டிய வளாகம் பொது இடமா என்று அவருடைய நிறுவனம் வாதாடும்.

கல்லெறி, சாவிக் கீறல், கிரிக்கெட் பந்து, விழுந்த கிளை?

எல்லாம் ஓடி பகுதியில் வரும். கலவரமும் வேண்டுமென்றே செய்த சேதமும் பாலிசியிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவை, ஆனால் இவற்றுக்குப் போலீஸ் புகார் வேண்டும். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

என் நிறுவனம் க்ளெய்மை மறுத்துவிட்டது, அல்லது மிகவும் குறைத்துவிட்டது. யாரிடம் போவது?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த நிபந்தனையின்கீழ் என்று எண்ணோடு. பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லையென்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினையை அவர் பார்ப்பார். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஏற்கெனவே நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ அதே விஷயத்துக்கு வழக்குப் போட்டிருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அவர் விசாரிப்பது பாலிசிதாரருக்கும் அவருடைய சொந்த நிறுவனத்துக்கும் இடையிலான சண்டையை மட்டும்தான். இடித்தவரின் காப்பீட்டு நிறுவனம் மீது அங்கே புகார் கொடுக்க முடியாது. அதற்குத் தீர்ப்பாயம்தான், அதுவும் அந்த 6 மாதத்துக்குள்.